வேலாயுதம் சரி என்று சொன்னதைப் பற்றி

என் மகனுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரிந்துகொள்ள. அடுத்த மாதம் நீ வெளிநாடு கிளம்புவதற்குள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நிலத்தை விற்றுவிட வேண்டும். வாங்குகிறவர் இறால் பண்ணை போடப் போகிறார், அவருக்குக் குத்தகைதாரர் இல்லாத நிலம்தான் வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை நீ ஊருக்குப் போய், குத்தகையை விட்டுக்கொடுப்பதாக வேலாயுதத்திடம் கையெழுத்து வாங்கி வரப்போகிறாய். "போன வாரமே நேர்ல போய்க் கேட்டுட்டேம்மா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. சரிங்க தம்பின்னுட்டார்" என்றாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சுருக்கமா சொல்லும்மா" என்பது உன் வழக்கம். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேலாயுதம் ஒருமுறை என்னிடமும் சரிங்க என்றார். அதை நான் நம்பினேன். அப்படி நம்பியதால் விளைந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. யாருக்குமே முழுதாகச் சொன்னதில்லை.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் நீ "அம்மா மூளை டாக்டர்" என்று சொல்லிவிடுவாய். நான் டாக்டர் இல்லை. மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது. நரம்பு நோய் வந்தவர்களின் மூளையை வெளியிலிருந்து தூண்டினால் அவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்று பார்ப்பது என் வேலை. எட்டு என்ற எண்ணைப் போல வளைத்த கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைப்போம். அதில் மின்சாரம் பாயும்போது காந்த அலை மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் நரம்புகளைச் சுண்டிவிடும். மரப்பலகையில் விரலால் தட்டுவது போல டக் டக்கென்று சத்தம் வரும். வலி அதிகம் இல்லை. கையை ஆட்டுகிற இடத்துக்கு நேராக வைத்துத் தட்டினால் மறுபக்கத்துக் கட்டைவிரல் துள்ளும். இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் புதிதாக ஒருவருடைய விரல் துள்ளும்போது நான் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். தன் கை தன்னைக் கேட்காமல் அசைந்ததைப் பார்க்கும்போது எல்லோருமே கொஞ்சம் சிரிப்பார்கள்.

இந்தத் துறையில் நம்பிக்கை அதிகம், ஆதாரம் குறைவு. சிலருக்குச் சில நோய்களில் பயன் இருக்கிறது. பலருக்கு இருக்கிறது என்று சொல்வது ஆசை. பெரிய நாற்காலி, பெரிய இயந்திரம், வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர், இவ்வளவும் சுற்றி இருந்தால் பாதிப் பேருக்கு அதிலேயே உடம்பு தேவலையாகிவிடும். அதனால்தான் இரண்டாவதாக ஒரு சுருள் வைத்திருக்கிறோம். பார்க்க அதே மாதிரி இருக்கும், அதே சத்தம் போடும், காந்தம் மட்டும் வராது. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். நோயாளிக்கும் தெரியாது, அளவெடுக்கிற எனக்கும் தெரியாது. ஆசையால் வரும் குணத்தையும் கருவியால் வரும் குணத்தையும் பிரித்துப் பார்க்க இப்படி ஒரு ஏற்பாடு. மரியாதைக்காக ஒருவர் குணமானதாகச் சொன்னால் அதைப் பிரித்துப் பார்க்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஆய்வில் சேரும் நாற்பது பேரின் கணக்கில் அது இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். ஒரு தனி ஆளின் உடம்பில் கழியாது.

வேலாயுதத்தை நீ அறிவாய், ஆனால் அவருக்கும் உன் தாத்தாவுக்கும் இடையில் நடந்ததைத் தாத்தா சொல்லித்தான் அறிவாய். தாத்தா அதைத் துரோகம் என்பார். மேடைத் தமிழில் மயங்கிய தலைமுறை அவருடையது. திருவாரூரில் கூட்டம் என்றால் சைக்கிளில் போய்க் கடைசிப் பேச்சாளர் முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு வருவார். எனக்குத் தூய தமிழில் பெயர் வைத்ததும் அந்த மயக்கத்தில்தான். அவர் ஓட்டுப் போட்ட கட்சி ஆட்சிக்கு வந்து, உழுகிற குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டமும் போட்டது. "பேச்சு வேற, வயல் வேற" என்று தாத்தா சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் வந்து சேர வருடங்கள் ஆயின. சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு தெருத் தெருவாக வந்து பெயர் எழுதிக்கொண்டபோது எனக்கு எட்டு வயதிருக்கும். அன்று வேலாயுதம் எங்கள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேலாயுதம், நீயும் பேரைப் பதியப் போறியா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க."

"சங்கத்துக்காரன் வந்தானா?"

"வந்தாங்க. போயிட்டாங்க."

"போயிட்டாங்கன்னா? நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைங்க சொல்றது. ஐயா இருக்கீங்க."

இரண்டு வாரத்தில் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. வேலாயுதம் பெயர் பதிவாகி இருந்தது. தாத்தா ஆடிப்போய்விட்டார். கடைத்தெருவில் வேலாயுதத்தின் மனைவி பட்டம்மாளைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கேட்டார், உன் புருஷன் என் வாசலில் நின்று சொன்ன வார்த்தை என்னவாயிற்று என்று. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் கூடையைக்கூட இறக்கவில்லை. "உங்ககிட்ட அது எப்படிங்கய்யா முடியாதுன்னு சொல்லும்? அது வாயி உங்க வீட்டு வாயி. அதான் நான் இழுத்துக்கிட்டுப் போயி எழுத வச்சேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். தாத்தா ஆறு வருடம் கேஸ் நடத்தித் தோற்றார். அத்தனை வருடமும் வேலாயுதம் பொங்கலுக்கு வந்து வாசலில் நின்று, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நடிப்பு என்றார் தாத்தா. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது வேலாயுதம் உளுந்து கொண்டுவந்து கொடுக்கத் தஞ்சாவூருக்கு நம் வீட்டுக்கு வந்தார். பட்டம்மாள் அப்போது உயிரோடு இல்லை. காபி டம்ளரை வாங்கும்போது அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல், விபூதியைத் தேய்ப்பது போல மற்ற விரல்மேல் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது. திரும்பி நடந்தபோது அந்தக் கை வீசவில்லை. நரம்பு மருத்துவரிடம் நானே அழைத்துப்போனேன். நடுக்குவாதம் என்று உறுதியாயிற்று, மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த வருடம்தான் எங்கள் ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தோம். பத்து நாள், தினம் இருபது நிமிடம். அவருக்கு நல்லது நடந்தால் நடக்கட்டும் என்றுதான் கேட்டேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். எது முதல் காரணம் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

சம்மதப் படிவம் ஆறு பக்கம். அதை நோயாளிக்கு நெருக்கமானவரோ, அவர்மேல் அதிகாரம் உள்ளவரோ படித்துக் காட்டக் கூடாது என்பது விதி. நான் அவருக்கு மருத்துவர் இல்லை, முதலாளி இல்லை, கேஸ் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நானே உட்கார்ந்து படித்தேன். தலைவலி வரலாம், மிக அரிதாக வலிப்பு வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். "எதுக்குங்க பாப்பா வாய் வலிக்கப் படிக்கிறீங்க. எங்க போடணும், காட்டுங்க." கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாக இருந்தது. அந்த நோயில் எழுத்து அப்படித்தான் சுருங்கும். 'முழு விருப்பத்துடன்' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன்.

சுருளைக் கையாண்டது செல்வி. வேதாரண்யத்து மீனவர் வீட்டுப் பெண், டெக்னீஷியன் படிப்பு முடித்து எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் நாள், சரியான இடத்தைத் தேட எல்லோருக்கும் வைக்கிற உண்மையான சுருளில் கட்டைவிரல் துள்ளியபோது வேலாயுதம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஆட்டலீங்க. பாப்பா சொன்னதும் கை கேக்குது பாருங்க" என்றார். "பெரியப்பா, மேடம் சொல்லல, நான்தான் பட்டனை அமுக்குனேன். எனக்கும் கொஞ்சம் மரியாதை குடுங்க" என்றாள் செல்வி. நானும் சிரித்தேன்.

தினமும் ஆரம்பிக்கும் முன் கேள்விகள் கேட்பேன். நன்றாகத் தூங்கினீர்களா? தூங்கினேங்க. தலைவலி உண்டா? இல்லீங்க. நேற்றைக்கு இன்று நடுக்கம் எப்படி? தேவலைங்க. அடுத்த நாள், இன்னும் தேவலைங்க. அடுத்த நாள், நல்லா தேவலைங்க பாப்பா. விரலில் ஒட்டிய ஒரு சின்னக் கருவி நடுக்கத்தைத் தனியாக அளந்துகொண்டிருந்தது. அது முதல் நாள் காட்டியதையே ஐந்தாம் நாளும் காட்டியது. எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அன்று நான் சந்தேகப்பட்டது கருவியை. ஒட்டும் டேப் சரியில்லை என்று மாற்றச் சொன்னேன். செல்வி டேப்பை மாற்றிவிட்டு, அவர் போன பிறகு சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க கேட்டா அவரு பாடையில படுத்துக்கிட்டும் தேவலைங்கன்னுதான் சொல்வாரு." நீ டேப்பை ஒழுங்காக ஒட்டு என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள், ஆரம்பித்துப் பதினோரு நிமிடம் ஆனபோது அவர் வலது கை தானாகத் துள்ளத் தொடங்கியது. செல்வி உடனே நிறுத்தினாள். துள்ளல் நிற்கவில்லை. தோளுக்கு ஏறி, முகத்துக்கு ஏறி, உடம்பு முழுதும் வெட்டியது. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தோம், மருத்துவர் ஓடிவந்தார். ஒன்றரை நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. பயிற்சியில் படித்தது போலவே எல்லாம் நடந்தது, யாரும் தடுமாறவில்லை. சிறிது நேரம் கழித்து அவருக்கு நினைவு திரும்பியது. என்னைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "மன்னிச்சுக்குங்க பாப்பா. நாற்காலி நனைஞ்சிடுச்சு" என்றார். அவர் சொன்ன முதல் வார்த்தை அது. துடைக்கத் துண்டைத் தேடினார். அந்தக் கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

மாலையில் அவரை வார்டில் படுக்கவைத்திருந்தோம். நான் வாசலுக்கு வெளியே நின்றேன், உள்ளே போகவில்லை. செல்வி கட்டிலில் உட்கார்ந்து, நான் ஒன்பது நாளாகக் கேட்டதையே வேறு மாதிரி கேட்டாள்.

"பெரியப்பா, உங்க வாய்க்கால்ல தண்ணி முறை எப்ப?"

"நமக்கு ராத்திரி முறைம்மா. ஒரு மணிக்கு வரும், மூணு மணிக்கு அடுத்தவன் மடையைத் திருப்பிடுவான்."

"அப்ப எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"எங்க படுக்குறது. நாலரைக்கு பஸ்ஸு. இதுக்கு நடுவுல கொஞ்சம் சாஞ்சாதான் உண்டு."

"பஸ்ஸுலயாவது தூங்குனீங்களா?"

"தூங்கலாம்தான். முந்தாநாளு திரும்பி வரையில, மன்னார்குடிகிட்ட, இந்தக் கையி சும்மா வெட்டிக்கிட்டே கெடந்துச்சு. பக்கத்துல உள்ளவரு பயந்துட்டாரு. கண்டக்டரு தண்ணி குடுத்தாரு."

"ஏன் பெரியப்பா எங்ககிட்ட சொல்லல?"

"பாப்பா மனசு கஷ்டப்படுமேம்மா. அவ்வளவு படிச்சிட்டு வந்து நமக்காக நிக்குது."

தூக்கம் இல்லாத மூளையைத் தூண்டினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்பது எங்கள் துறையில் முதல் பாடம். பேருந்தில் நடந்தது தெரிந்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவள் நான். நாற்று நட்ட மாதத்தில் தண்ணீர் முறை உள்ள ஒருவரிடம் நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டு, தூங்கினேங்க என்ற பதிலை ஒன்பது முறை எழுதிக்கொண்டேன். அந்த நிலத்தில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டுத்தான் படித்தேன். அந்தத் தண்ணீர் எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சீட்டைப் பிரித்துப் பார்த்ததில் அவருக்கு வந்தது உண்மையான சுருள்தான். ஆய்வுகளைக் கண்காணிக்கிற நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை அனுப்பினேன். சம்மதம் வாங்கியவர் யார்? நான். நோயாளிக்கும் அவருக்கும் முன்பே தொடர்பு உண்டா? அந்த இடத்தில் 'குடும்பத்துக்குத் தெரிந்தவர்' என்று எழுதினேன். பொய் இல்லை. நிலத்துக்காரர் மகள் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு கேட்டிருப்பார்கள். எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பின்னால் வந்த கட்டுரையில் வேலாயுதம் ஒரு வரி: ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டது, தூக்கமின்மை காரணமாக இருக்கலாம். அவரிடமும் அதையேதான் சொன்னேன், தூங்காமல் வந்ததால் இப்படி ஆயிற்று என்று. இயந்திரத்தின் பெயரை எடுக்கவே இல்லை. "ஆமாங்க பாப்பா, தப்பு நம்மளுதுதான்" என்றார். அவருக்கு அதன்பின் வலிப்பு வரவில்லை. ஆனால் அன்று ஆய்வைக் கெடுத்தது தான்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "அந்த ஆராய்ச்சி அப்புறம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் சில பழக்கங்களை மாற்றினோம். சம்மதம் இப்போது செல்வி வாங்குகிறாள். ஒரே நாளில் கேட்டு ஒரே நாளில் வாங்குவதில்லை. சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்கிறோம். வராவிட்டால் அதுவே பதில், திரும்பக் கூப்பிடுவதில்லை. ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்விகளைக் குறைத்துவிட்டோம். இதையெல்லாம் பண்பு என்று நினைத்துவிடாதே, இது அளவெடுக்கிற முறை. சரி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாத ஒருவர் சரி என்று சொன்னால், அதிலிருந்து நமக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்று பொருள். விலை உயர்ந்த கருவியிலிருந்து இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. பட்டம்மாள் தலையில் கூடையோடு கடைத்தெருவில் நின்று அதைத்தான் சொல்லியிருந்தார்.

இப்போது உன்னிடம் சில கேள்விகள். நீ கேட்டபோது வேலாயுதம் நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? உனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்களா? வீட்டில் அவர் மகள் சரோஜா இருந்தாளா, வயலுக்குப் போயிருந்தாளா? அவரால் குனிய முடியாமல் போய்ப் பல வருடம் ஆயிற்று. உழுவது, நடுவது, மடை பார்ப்பது எல்லாம் அவள்தான். அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவருக்குச் சொன்னாயா? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஏமாற்றவில்லை, மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டிருப்பாய். நானும் மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த வீட்டிலிருந்து சரிங்க என்ற சொல்லை வாங்க நம் வீட்டு ஆளுக்கு முயற்சியே வேண்டாம். உன் தாத்தா காலத்திலிருந்து நமக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் போய் நின்றால் போதும். நீ நல்ல பையன் என்பதால் அது மாறிவிடாது. நல்ல பையனுக்கு இன்னும் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள்.

நான் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நிலம் உன் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்துதான் இருக்கிறது, என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. இன்று காலை சரோஜாவுக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள், வாசிப்பாள். அதில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறேன். ஒன்று, அவள் அப்பாவுக்கு வந்த வலிப்பு எங்கள் இயந்திரத்தால் வந்தது. அவர் தூங்காதது அதற்கு இடம் கொடுத்தது, ஆனால் தூங்கினாரா என்று ஒழுங்காக விசாரிக்க வேண்டியது என் வேலை. இதை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு, குத்தகைப் பதிவு அவர் பெயரில் உயிரோடு இருக்கிறது, முடியாது என்று சொன்னால் எதுவும் மாறாது, உழுதுகொண்டே இருக்கலாம், விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று இருவரும் பேசித் தபாலில் எழுதினால் போதும், நானோ நீயோ அங்கு வந்து கேட்க மாட்டோம். வேண்டுமானால் சங்க ஆபீசில் காட்டிக் கேட்டுக்கொள்ளச் சொல்லி எழுதினேன். தாத்தா இருந்திருந்தால் இந்த ஒரு வரிக்காக என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார். நெறிமுறைக் குழுவுக்கும் இன்று எழுதிவிட்டேன், அன்று அறிக்கையில் 'குடும்பத்துக்குத் தெரிந்தவர்' என்று போட்ட இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று. அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது.

உனக்கு இது இடைஞ்சல்தான். வாங்குகிறவர் வேறு நிலம் பார்த்துக்கொண்டு போய்விடலாம். நீ நிலத்தை விற்காமலே விமானம் ஏற வேண்டியிருக்கலாம். வேலாயுதமும் சரோஜாவும் பேசிவிட்டு, போதும் இந்த வயல் என்று விட்டுக்கொடுக்கவும் கூடும். அப்படி வந்தால் அன்றே கையெழுத்துப் போடுகிறேன். என்ன பதில் வரும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. இந்த முறை ஒழுங்காகக் கேட்டிருக்கிறோம் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே அடையாளம் அதுதான்.

பதில் வரும்வரை நீ ஊருக்குப் போகாதே. நீ போய் நின்றால் அவர் சரிங்க என்றுதான் சொல்வார்.

அம்மா